ஒரு கிண்ணம் ரப்பர் பாலும் பிளஸ் டூ வேதியியலும்

அமெரிக்கப் பள்ளிகளில் 'ஹானர்ஸ் கெமிஸ்ட்ரி' என்று ஒரு பாடம் உண்டு. சாதாரண கெமிஸ்ட்ரி வகுப்பில் நடத்துவதையே கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் ஆழமாக, கணக்கு கூடுதலாக வைத்து நடத்துவது. பெரும்பாலும் 15, 16 வயதுப் பிள்ளைகள் ஒரே வருஷத்தில் முடித்துவிடுவார்கள். நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனாலும் அணு அமைப்பு, ஆவர்த்தன அட்டவணை, பிணைப்பு, மோல் கணக்கு, வாயு விதிகள், கரைசல், அமிலம்-காரம், கொஞ்சம் சமநிலை, கொஞ்சம் வெப்பம் என்று ஏறக்குறைய எல்லா இடத்திலும் இதுதான். கரிம வேதியியல் அநேகமாக இருக்காது.

என் சித்தப்பா மகன் டெக்சாஸில் இருக்கிறான். அவன் மகள் இந்த வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். "அண்ணே, ரொம்பக் கஷ்டமான பாடமாம், ஊர்ல நம்ம படிச்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டு பாட விவரத்தை அனுப்பினான். அதே வாரம் புளியறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா மகளின் பிளஸ் ஒன் புத்தகமும் கைக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எழுந்த குறிப்புகள்தான் இது. நான் வேதியியல் படித்தவன் இல்லை. பிளஸ் டூவுக்குப் பிறகு பிஇ, அப்புறம் இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் வேலை. ஆனால் பழைய பாடப் புத்தகங்களைக் கிளறுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கம்.

முதலில் அளவைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2018-19இல் வந்த புதிய பிளஸ் ஒன் புத்தகத்தில் 15 அலகுகள். அடுத்த வருஷம் வந்த பிளஸ் டூ புத்தகத்தில் இன்னொரு 15. ஹானர்ஸ் பாடத்தில் உள்ளது கிட்டத்தட்ட முழுசும் நம் பிளஸ் ஒன்னிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் குவாண்டம் எண்கள், வெப்ப இயக்கவியல், ஹைட்ரோகார்பன்கள் இருக்கு. பிளஸ் டூவில் உலோகவியல், அணைவுச் சேர்மங்கள், திட நிலைமை, வினை வேகவியல், மின் வேதியியல், புறப்பரப்பு வேதியியல், ஆல்கஹாலில் தொடங்கி அமீன் வரைக்கும் கரிம வேதியியல், கடைசியில் 'அன்றாட வாழ்வில் வேதியியல்'. அமெரிக்காவில் இதில் பாதிக்கு மேல் கல்லூரியில்தான் வரும். ஆக, "ஊர்ல நம்ம படிச்சது கம்மியா?" என்ற கேள்விக்குப் பதில் சுலபம். பட்டியலைப் பார்த்தால் கம்மி இல்லை, ரொம்ப ஜாஸ்தி.

ஜாஸ்தி என்பதுதான் சிக்கலே.

அக்கா மகள் என்னிடம் கேட்டது, "மாமா, இதெல்லாம் படிச்சு எங்க உதவப் போவுது?" வழக்கமான கேள்விதான். அதற்கு வழக்கமான பதில் மார்க். பொறியியல் கட்-ஆஃப் 200இல் வேதியியலுக்கு 50. நீட் தேர்வில் 720இல் 180. எந்தப் பக்கம் போனாலும் சரியாகக் கால்வாசி. அரசுப் பள்ளியில் படிக்கிற, டியூஷனுக்குத் தென்காசி வரை பஸ் ஏற வேண்டிய ஒரு பிள்ளைக்கு அந்தக் கால்வாசி வாழ்க்கையின் திசையையே மாற்றும். அதை நான் சின்ன விஷயமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. முப்பது அலகும் முப்பது தனித்தனித் தீவு மாதிரி அவளுக்குத் தெரிகிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாலம் இருக்கிறது என்பதை யாரும் காட்டவில்லை. பாலங்கள் புளியறையைச் சுற்றியே கிடக்கின்றன என்பதுதான் நான் சொல்ல வருவது.

மோலில் தொடங்குவோம். பிளஸ் ஒன் முதல் அலகு. பலர் இங்கேயே வேதியியலைக் கைவிடுகிறார்கள். 6.022 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு என்ற பயங்கர எண்ணைப் பார்த்ததும் மூளை கதவைச் சாத்திக்கொள்ளும். உண்மையில் மோல் என்பது கவுளி மாதிரி. வெற்றிலையை ஒவ்வொன்றாக யாரும் விற்பதில்லை, நூறு வெற்றிலை ஒரு கவுளி. அணு ரொம்பச் சின்னது, அதனால் அதன் கவுளி ரொம்பப் பெரியது, அவ்வளவுதான். அந்த எண்ணை ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? அந்த எண்ணிக்கையில் கார்பன்-12 அணுக்களை எடுத்தால் எடை 12 கிராம் வரும். அதாவது தராசில் நிறுத்தே அணுக்களை எண்ணிவிடலாம். (2019 மே 20 முதல் வரையறையைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். இப்போது எண்தான் நிலையானது, எடை அதிலிருந்து வருவது. பள்ளிக் கணக்குக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை.)

இதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். புளியறையில் வயல் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் யூரியா மூட்டை இருக்கும். இப்போதெல்லாம் 45 கிலோ மூட்டை. அதன் மேல் நைட்ரஜன் 46 சதவீதம் என்று போட்டிருக்கும். இந்த 46 எங்கிருந்து வந்தது? யூரியா மூலக்கூறில் ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நாலு ஹைட்ரஜன். 12, 16, 28, 4. கூட்டினால் 60. அதில் நைட்ரஜன் 28. அறுபதில் 28 என்பது 46.67 சதவீதம். மூட்டையில் அச்சடித்த எண் ஒரு வரிக் கணக்கில் வந்துவிட்டது. இன்னும் ஒரு படி போகலாம். 45 கிலோ யூரியா என்பது 750 மோல். ஒரு யூரியாவுக்கு இரண்டு அம்மோனியா, ஒரு கார்பன் டை ஆக்சைடு வேண்டும், பக்கத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். அப்படியென்றால் ஒரு மூட்டைக்கு 25.5 கிலோ அம்மோனியா, 33 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மொத்தம் 58.5 கிலோ உள்ளே போகிறது. 45 கிலோ யூரியாவும் 13.5 கிலோ தண்ணீரும் வெளியே வருகிறது. ஒரு கிராம்கூடக் காணாமல் போகவில்லை.

யூரியா நேர்மையான மூட்டை. டிஏபி அப்படி இல்லை. 18-46 என்று போட்டிருப்பான். அந்த 46 பாஸ்பரஸ் என்று நினைத்தால் ஏமாந்தோம். அது பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்ட எண், உரத் தொழிலின் பழைய வழக்கம். அந்த ஆக்சைடின் எடை 142, அதில் பாஸ்பரஸ் 62. ஆக மூட்டையில் நிஜமான பாஸ்பரஸ் சுமார் 20 சதவீதம்தான். மோல் கணக்கு தெரிந்தவன் இதைக் கண்டுபிடிப்பான். தெரியாதவன் மூட்டையை நம்புவான்.

சுண்ணாம்பும் இதே கணக்குத்தான். காளவாயில் 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ காற்றில் போய்விடும். தண்ணீர் விட்டு நீற்றி, பொங்கலுக்குச் சுவரில் அடித்தால் அது காற்றிலிருந்து அதே கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப வாங்கிக் கல்லாகிவிடும்.

அந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது? இங்கேதான் பிளஸ் ஒன் எட்டாம் அலகான சமநிலை வருகிறது. தூத்துக்குடி ஸ்பிக் தொழிற்சாலை 1975 வாக்கில் உற்பத்தியைத் தொடங்கியது. நம் பக்கத்து வயல்களுக்கு ரொம்ப நாளாக அம்மோனியாவும் யூரியாவும் செய்து தருகிற இடம். காற்றில் உள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்கிற இந்த முறையை ஹேபர் கண்டுபிடித்தார், பாஷ் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார், 1913இல் ஜெர்மனியில் ஓப்பாவில் ஓடத் தொடங்கியது. புத்தகம் இதை லீ சாட்லியர் கொள்கைக்கு உதாரணமாகச் சொல்கிறது. நாலு மூலக்கூறு வாயு இரண்டாகக் குறைகிறது, அதனால் அழுத்தம் கூட்டினால் அம்மோனியா கூடும். வெப்பம் வெளியேறும் வினை, அதனால் குளிர்ச்சியாக வைத்தால் அம்மோனியா கூடும்.

சரி, குளிர்ச்சியாகவே வைக்க வேண்டியதுதானே? ஏன் 400, 500 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள்? ஏனென்றால் குளிரில் வினை நகரவே நகராது. நைட்ரஜனின் முப்பிணைப்பு அவ்வளவு பலம். எங்கே போய் நிற்கும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு சீக்கிரம் போகும் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்தான் அந்த வெப்பநிலை. இரும்பு வினையூக்கி இரண்டாவது கேள்வியை மட்டும் தொடும், முதல் கேள்வியைத் தொடாது. மென்பொருள்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். டேட்டாபேஸில் இண்டெக்ஸ் போட்டால் பதில் சீக்கிரம் வரும், பதில் மாறாது. வினையூக்கி ஒரு இண்டெக்ஸ்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 'எங்கே நிற்கும்' என்பது பிளஸ் ஒன் எட்டாம் அலகு. 'எவ்வளவு வேகம்' என்பது பிளஸ் டூ ஏழாம் அலகு. நடுவில் ஒரு வருஷம், ஒரு முழுப் பரீட்சை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசினால்தான் ஸ்பிக்கில் அந்தக் கொதிகலன் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். தனித்தனியாகப் படித்தால் இரண்டு ஐந்து மார்க் கேள்வி, அவ்வளவுதான். டெக்சாஸ் பாடத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. விஷயம் குறைவு, ஆனால் வரிசை ஒழுங்கு. இந்த ஒரு இடத்தில் அவர்களுக்கு ஒரு மார்க் கூடப் போடுவேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏறினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். அந்தப் பக்கம் முழுக்க ரப்பர். விடிகாலையில் மரப்பட்டையைச் சீவி, சிரட்டையிலோ கப்பிலோ பால் பிடிப்பார்கள். அந்தப் பாலை ஒரு கிண்ணத்தில் எடுத்து மேசையில் வைத்தால் பிளஸ் டூ வேதியியலில் பாதியை அதை வைத்தே நடத்திவிடலாம் என்பது என் கட்சி.

ரப்பர் பால் கரைசல் இல்லை. மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் மேல், நுண்ணிய ரப்பர் உருண்டைகள் தண்ணீரில் மிதக்கின்றன. ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு மெல்லிய போர்வை. அந்தப் போர்வையில் எதிர் மின்சுமை. எல்லா உருண்டைக்கும் ஒரே சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், ஒட்டாது. இதுதான் கூழ்மம், பிளஸ் டூ பத்தாம் அலகு. டிண்டால் விளைவு, பிரௌனியன் இயக்கம், திரிதல் என்று வரிசையாக மனப்பாடம் பண்ண வைக்கிற அதே அலகு.

இதில் நீர்த்த ஃபார்மிக் அமிலத்தை ஊற்றினால் என்ன ஆகும்? புதுப் பாலின் பிஹெச் 7ஐ ஒட்டி இருக்கும். அமிலம் விட விட இறங்கும். 5க்கு அருகில் வரும்போது போர்வைப் புரதத்தின் எதிர்ச்சுமையை ஹைட்ரஜன் அயனிகள் சரிக்கட்டிவிடும். தள்ளுவதற்குச் சுமை இல்லை, உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும், பால் உறைந்து கட்டியாகும். அதை உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகை போட்டால் ரப்பர் ஷீட். அமிலம் ஊற்றாமலே சிரட்டையில் தானாக உறைந்துபோவதை ஒட்டுப்பால் என்பார்கள். பாக்டீரியா அமிலம் உண்டாக்கும், விளைவு அதே. வீட்டில் மோர் ஊற்றிப் பால் தயிராவதும் இதே கதைதான், அங்கே கேசீன் புரதம், பிஹெச் 4.6க்கு அருகில். பாலை உறையாமல் வைக்க வேண்டும் என்றால் எதிர்த்திசையில் போக வேண்டும், அம்மோனியா சேர்ப்பார்கள். கையுறை செய்யப் போகும் பால் அப்படித்தான் பயணம் போகிறது.

ஏன் ஃபார்மிக் அமிலம்? கந்தக அமிலம் மலிவு, கொஞ்சம் போதும். ஆனால் அது ஆவியாகாது, ரப்பரிலேயே தங்கித் தரத்தைக் கெடுக்கும். ஃபார்மிக் அமிலம் காய வைக்கும்போது போய்விடும். அசிட்டிக் அமிலமும் வேலை செய்யும், ஆனால் கூடுதலாக வேண்டும். காரணம் பிளஸ் டூ எட்டாம் அலகில் இருக்கு. ஃபார்மிக் அமிலத்தின் பிரிகை மாறிலி அசிட்டிக்கைவிடச் சுமார் பத்து மடங்கு. அட்டவணையில் மனப்பாடம் பண்ணுகிற எண்தான், தோட்டத்தில் அது காசு.

உறைந்த கட்டிக்குள் என்ன இருக்கிறது? ஐசோப்ரீன் என்ற ஐந்து கார்பன் மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கைகோத்த சங்கிலி. இரட்டைப் பிணைப்பின் இரண்டு பக்கமும் சங்கிலி ஒரே புறமாகப் போனால் அது ரப்பர், இழுத்தால் நீளும். எதிரெதிர்ப் புறமாகப் போனால் கட்டாபெர்ச்சா, அது விறைப்பு. அணுக்கள் அதே, எண்ணிக்கை அதே, திரும்பிய திசை மட்டும் வேறு. கரிம வேதியியலில் சிஸ், டிரான்ஸ் என்று இரண்டு படம் போட்டு விட்டுவிடுகிறார்களே, அதன் முழு அர்த்தம் இதுதான். 1839இல் சார்லஸ் குட்இயர் இந்தச் சங்கிலிகளுக்கு நடுவே கந்தகத்தால் குறுக்குப் பாலம் போட்டார். அது இல்லாவிட்டால் செங்கோட்டைச் சாலையில் மே மாத வெயிலில் டயர் பிசினாகிவிடும்.

கூழ்மம், அமிலச் சமநிலை, கார்பாக்சிலிக் அமிலம், மாற்றியம், பலபடி. ஐந்து அலகு, ஒரு கிண்ணம். வகுப்பில் இந்த ஐந்தும் வெவ்வேறு மாதங்களில், சிலது வெவ்வேறு வருஷத்தில் வருகின்றன.

எலக்ட்ரானுக்கு உதாரணம் சிவகாசி. பட்டாசில் சிவப்பு என்றால் ஸ்ட்ரான்ஷியம், பச்சை என்றால் பேரியம், நீலம் தாமிரம். லேபில் சுடர்ச் சோதனையில் பார்ப்பதும் இதே நிறங்கள். எலக்ட்ரான் சூட்டில் மேல்படிக்கு ஏறி, இறங்கும்போது அந்த உயர வித்தியாசத்தை ஒளியாக விடும். படிகளின் உயரம் ஒவ்வொரு தனிமத்துக்கும், சேர்மத்துக்கும் வேறு, அதனால் நிறமும் வேறு. பிளஸ் ஒன் இரண்டாம் அலகின் சமன்பாடுகள் எல்லாம் இந்தப் படிகளைப் பற்றித்தான். பட்டாசில் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை போட்டது, 2021இல் மறுபடி வலியுறுத்தியது. ஒரு ஊரின் பிழைப்பே ஒரு தனிமத்தின் எலக்ட்ரான் படியில் வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் மொழி பற்றி ஒரு வார்த்தை. நம் புத்தகத்தில் எலக்ட்ரானை இழப்பதற்கு 'ஆக்சிஜனேற்றம்' என்று பெயர், பெறுவதற்கு 'ஒடுக்கம்'. ஆக்சிஜனே இல்லாத வினையிலும் ஆக்சிஜனேற்றம் நடக்கும் என்றால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள். இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களில் 'ஒட்சியேற்றம்', 'தாழ்த்தல்'. அங்கே ஆக்சிஜன் ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன், கார்பன் காபன். பாடத்துக்கே இரசாயனவியல் என்று பெயர். உயர்தர வகுப்பு வரை தமிழிலேயே படிக்கிறார்கள், சொற்கள் தமிழ் ஓசைக்குள் நன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரே மொழி, இரண்டு வேதியியல் அகராதி. கூகுளில் தேடுகிற பிள்ளைக்கு இது நிஜமான தொந்தரவு.

இந்தச் சண்டை பழசு. யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிரீன் மேற்பார்வையில் 1875இல் 'கெமிஸ்தம்' என்ற நூல் வந்தது. பெயரைத் தமிழாக்காமல் ஓசையை மட்டும் மாற்றிக்கொண்ட வேலை. பிறகு 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து அறிவியல் கலைச்சொல்லுக்கென்றே சங்கமும் இதழும் தொடங்கினார்கள். ராஜாஜி பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' என்று வேதியியலைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். வக்கீலாக இருந்து அரசியலுக்குப் போனவர் எழுதியிருக்கும்போது கம்ப்யூட்டர்காரன் நான் எழுதக் கூடாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வது உண்டு.

இன்னொரு சின்னச் செய்தி. இடைநிலை, உள் இடைநிலைத் தனிமங்கள் அலகில் லாந்தனைடுகள் வரும், யாரும் விரும்பிப் படிப்பதில்லை. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அது மோனசைட் என்று கண்டுபிடித்து மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். லாந்தனைடுகளும் தோரியமும் அந்த மணலில்தான். அன்றைக்குச் செங்கோட்டையும் புளியறையும் அதே திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1 அன்றுதான் நாம் இந்தப் பக்கம் வந்தோம்.

செய்முறை பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. வித்தியாசம் உண்மையில் அங்கேதான். டெக்சாஸ் பெண் ஏறக்குறைய வாரா வாரம் ஏதோ ஒரு சோதனை செய்கிறாள், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது, ஏன் வேறாக வந்தது என்று அறிக்கை எழுதுகிறாள். பரீட்சையில் ஆவர்த்தன அட்டவணையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நம்மிடம் நூறு மார்க்கில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10, எழுத்துக்கு 70. நான் படித்த 90களின் கடைசியில் 200க்கு 50 செய்முறை. மார்க் மோசமில்லை. ஆனால் அந்த மார்க் எப்படி வந்தது என்பது வேறு கதை. நான் படித்த பள்ளியில் லேப் திறந்தது அரையாண்டுக்குப் பிறகு. உப்புப் பகுப்பாய்வில் எந்த உப்பு என்பது குழாயை மோந்து பார்க்கும் முன்பே வராந்தாவில் தெரிந்துவிடும். முடிவைத் தெரிந்துகொண்டு அதிலிருந்து பின்னோக்கி அட்டவணை எழுதுவோம். பகுப்பாய்வு என்ற சொல்லுக்கே இது நேர் எதிர்.

அதிலேயும் ஒன்று மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு, பெர்மாங்கனேட் தரம்பார்த்தல். கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலம், நீர்த்த கந்தக அமிலம், 60-70 டிகிரிக்குச் சூடு. பியூரெட்டிலிருந்து ஊதாச் சொட்டு விழும். முதல் சொட்டின் நிறம் போக நேரமாகும். பொறுமை இல்லாதவன் முடிவு வந்துவிட்டது என்று நிறுத்துவான். கொஞ்சம் காத்திருந்தால் நிறம் போகும், அதன்பின் விழுகிற சொட்டெல்லாம் விழுந்த வேகத்தில் மறையும். ஏன்? வினையில் பிறக்கிற மாங்கனீஸ் அயனியே அந்த வினைக்கு வினையூக்கி. தன்னையே வேகப்படுத்திக்கொள்கிற வினை. வேகவியல், மோல் கணக்கு, எலக்ட்ரான் பரிமாற்றம் மூன்றும் கண் முன்னால் ஒரே குடுவையில் நடக்கிறது. அந்த முதல் சொட்டின் தாமதத்தைப் பார்க்காத பிள்ளைக்குத் 'தன் வினையூக்கி' என்பது இரண்டு மார்க் வரையறை மட்டும்.

லேப் திறக்கும் வரை காத்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். அக்கா மகளுக்கு இரண்டு சோதனை சொல்லிவிட்டு வந்தேன். ஒன்று தண்ணீர். குற்றாலத்து நீர் மூலிகை நீரா என்று வாதம் செய்வதைவிட அது மென்னீரா என்று பார்ப்பது சுலபம். கெட்டிப் பாறை மேல் வேகமாக ஓடி வருகிற மலை நீர் கால்சியம், மெக்னீசியத்தை அதிகம் கரைப்பதில்லை. கிழக்கே சமவெளிக் கிணறுகளில் கரையும். சம அளவு இரண்டு தண்ணீரையும் மூடி போட்ட இரண்டு பாட்டிலில் எடுத்து, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை நிற்க எத்தனை சொட்டு என்று எண்ணினால் போதும். பிளஸ் ஒன் நாலாம் அலகில் கடின நீர் பற்றி எழுதியிருப்பதெல்லாம் அந்தச் சொட்டு வித்தியாசம்தான். (அருவியில் சோப்பு கூடாது, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வீட்டில்தான் செய்ய வேண்டும்.)

இன்னொன்று ஆரத்தி. மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே, அது நிறங்காட்டி. மஞ்சளில் உள்ள குர்குமின் பிஹெச் 8ஐ ஒட்டி மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும். சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் 50 மில்லி எடுக்கவும். கண்ணில் பட்டுவிடாமல் கவனம். ஒரு சிட்டிகை மஞ்சள். சிவப்பாகும். இப்போது புளியங்குடி எலுமிச்சையின் சாற்றை வடிகட்டி, மருந்துக் கடையில் கிடைக்கிற சொட்டுக் குழாயால் ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிராம்தான் கரைந்திருக்கும், எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் சுமார் 5, 6 சதவீதம், அதன் ஒரு மூலக்கூறு மூன்று ஹைட்ரஜன் அயனி தரும். கணக்குப் போட்டால் இரண்டரை மில்லியில், அதாவது 50 சொட்டை ஒட்டி, சிவப்பு போய் மஞ்சள் திரும்ப வேண்டும். பழத்துக்குப் பழம் மாறும். 40இல் திரும்பினால் அந்தப் பழம் கூடுதல் புளிப்பு, 60 ஆனால் குறைவு. எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்பதை மோல் கணக்கிலேயே சொல்லிவிடலாம். மூன்று பழத்துக்குச் செய்து நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.